கொட்டகைக்கு ஒரு பெயர் வேண்டும்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் கையெல்லாம் கிரீஸ். முடிவு செய்துவிட்டேன். கொட்டகையில் சேர்த்து வைத்திருக்கும் பழைய ஸ்னோமொபைல்களை, அதாவது பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகளை, நாலு பேர் வந்து பார்க்கத் திறந்துவிடப் போகிறேன். பெரிய மியூசியம் என்று நினைத்துவிடாதே. 14 வண்டி, ஒரு அடுப்பு, சில நாற்காலிகள், அவ்வளவுதான்.

சேர்க்கும்போது இல்லாத கவலை, எதை முன்னால் வைப்பது என்பதில் வந்திருக்கிறது. கேள்விப்படுகிறவர்கள் எல்லாம் மஞ்சள் ஸ்கீ-டூ ஒலிம்பிக் வண்டியைத்தான் கேட்கிறார்கள். எனக்கோ இந்த வண்டி பிறந்த கதையைச் சொல்லி வாசலில் ஒரு பலகை வைக்க ஆசை. 1934 குளிர்காலத்தில், கனடாவின் இதே கியூபெக்கில் வால்கோர் என்ற ஊரில், மெக்கானிக் ஜோசஃப்-ஆர்மாண்ட் பொம்பார்டியேவின் இரண்டு வயது மகன் இறந்துபோனான். பாதையைப் பனி மூடிக் கிடந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பதினைந்து வயதிலேயே பனியில் ஓடும் வண்டி ஒன்றைக் கட்டிப் பார்த்த மனிதர் அவர். 1937-ல் பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் வந்தது ஏழு பேர் உட்காரும் பி-7. விளையாட்டாக ஓட்டும் சின்ன ஸ்கீ-டூ 1959-ல்தான் வந்தது.

அவருக்கு முன்பே, 1924-ல், அமெரிக்காவின் விஸ்கான்சினில் கார்ல் எலியாசன் சறுக்குப் பலகையில் மோட்டார் பொருத்தியிருக்கிறார். காலில் குறை இருந்ததால் நண்பர்களோடு பனியில் நடந்து ஈடுகொடுக்க முடியவில்லையாம். இரண்டு பேருக்கும் தேவைதான் முதலில். இதைச் சொல்லாமல் பெயின்ட் பளபளப்பை மட்டும் காட்டினால் அது ஷோரூம்.

பெயின்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. எலான் என்ற ஸ்கீ-டூ வண்டி ஒன்று இருக்கிறது, சீட் கிழிந்து உள்ளே எலிக்கூடு. புதுசாக்கிவிடலாம் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அதன் மூடியைத் தூக்கினால் உள்பக்கம் யாரோ பென்சிலால் "20-க்கு 1" என்று எழுதியிருக்கிறார்கள். பெட்ரோலில் ஆயில் கலக்கும் கணக்கு. குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு எழுதியிருப்பார் போல, எழுத்து நடுங்கிக் கிடக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடிக்க நான் விடுவதாயில்லை. எலிக்கூட்டை மட்டும் எடுத்தாயிற்று.

இன்னொரு தலைவலி இன்ஷூரன்ஸ். எல்லா டாங்கும் காலியாக இருக்க வேண்டுமாம். நியாயம்தான். பழைய பெட்ரோல் நின்றால் கார்புரேட்டரில் பிசினாக ஒட்டிவிடும், எனக்கும் அது நல்லதே. ஆனால் டூ-ஸ்ட்ரோக் புகை வாசனை இல்லாத ஸ்னோமொபைல் என்ன ஸ்னோமொபைல்? ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை மட்டும் வெளியே தள்ளிக்கொண்டுபோய்க் கயிற்றை இழுத்துக் கிளப்பலாம் என்றிருக்கிறேன். மற்றவை மரக்கட்டை மேல் நிற்கும், பட்டை தரையில் அழுந்தாமல்.

அப்புறம், கதவுக்கு மேலே எழுத நல்ல பெயராக ஒன்று சொல்லு. சீக்கிரம் எழுது, ஏனென்றால் வீட்டுக்காரி வைத்த "துருக்கூடம்"தான் இப்போதைக்கு முன்னணியில் இருக்கிறது.

அன்புடன்,
மணி