எல்லாம் புல்லுருவி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாந்தோப்பில் புல்லுருவியை ஒழிப்பது பற்றி உங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை. ஆனால், மரத்தில் ஒட்டி வளரும் செடிகளை எல்லாம் அகற்றிவிட வேண்டும் என்ற ஒரு வரி உறுத்துகிறது. அந்த 'எல்லாம்' என்பதில், மரக்கிளையில் தங்கி வளரும் பூச்செடியான வாண்டா ஆர்க்கிட்டும் சேர்ந்து அடிபடுகிறது.

நத்தம் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. 6 வருடத்துக்கு முன்பு கவாத்துக்கு ஆள் விட்டபோது, கிணற்றடிப் புளியமரத்தில் தடித்த, ஒடுங்கிய இலைகளோடு கொத்துக் கொத்தாக இருந்த செடிகளையும் அரிவாளால் சீவித் தள்ளச் சொன்னவன் நான்தான். கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஓடி வந்து, "அப்பா, இது புல்லுருவி இல்லப்பா, மரத்தை ஒண்ணும் பண்ணாது" என்றாள். அதற்குள் பாதிச் செடிகள் தரைக்கு வந்துவிட்டன. இன்றும் அந்தக் கிளையைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். புல்லுருவி, கிளைக்குள்ளேயே வேரை இறக்கி மரத்தின் சாற்றை உறிஞ்சும். அது ஒட்டிய இடம் முண்டும் முடிச்சுமாக வீங்கியிருக்கும். முண்டுக்குக் கீழே கிளையோடு வெட்டினால்தான் போகும். வாண்டாவுக்கு மரம் வெறும் இருக்கைதான். அதன் வேர்கள் பட்டையின் மேலோடு படர்ந்திருக்கும், மீதி காற்றில் தொங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீரை வேரில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளைச் சாம்பல் நிறத்தில் இருக்கும் வேர், கொஞ்ச நேரத்தில் பச்சையாகும். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. அது மழையையும் பனியையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். வெயில் கொளுத்தும் எங்கள் ஊரிலும் இந்தச் செடி பிழைத்துக் கிடப்பது இதனால்தான்.

எங்கள் தோப்பில் மாம்பழ சீசனில் பூக்கிறது. மஞ்சள் கலந்த பச்சை இதழில் பழுப்புக் கட்டம் போட்டிருக்கும், நடு உதடு மட்டும் நீலம் பாரித்த ஊதா. நல்ல மணம். மலையாளத்தில் இந்த மாதிரிச் செடியை மரவாழ, அதாவது மரத்து வாழை என்கிறார்கள், எவ்வளவு பொருத்தமான பெயர்!

ஒரு காயில் தூசி போல ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும். ஆனால் நெல்லுக்கும் பயறுக்கும் இருப்பது போல அந்த விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. பட்டையில் வாழும் ஒரு வகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். முளைத்தாலும் பூக்கப் பல வருடம் ஆகும். அதனால்தான் சொரசொரப்பான பட்டையுள்ள கிழட்டு மரங்கள் இதற்கு வேண்டியிருக்கின்றன. சாலையோரத்துப் பெரிய புளியமரத்தை வெட்டிவிட்டு 10 கன்று நட்டாலும், அந்தக் கன்றுகளில் ஆர்க்கிட் குடியேற ஒரு தலைமுறை ஆகிவிடும்.

சரி, மரத்தை வெட்டியே தீர வேண்டும் என்றால்? அன்று கீழே விழுந்ததில் வேர் அறுபடாத 7 செடிகளை மகள் பொறுக்கி எடுத்தாள். கொஞ்சம் தேங்காய் நாரை வைத்து, சணல் கயிற்றால் மோட்டார் ரூம் பக்கத்து மாமரத்தில், அரை நிழல் விழும் கிளையில் கட்டினோம். மண்ணும் வைக்கவில்லை, உரமும் போடவில்லை. காலையில் மட்டும் தண்ணீர் தெளித்தோம். 5 செடிகள் பிழைத்தன. சாலை விரிவாக்கத்துக்கு மரம் வெட்டும்போதும் இதே போல ஏற்றிக் கட்டலாம். அதற்கு ஓர் ஏணியும் இரண்டு ஆட்களும் ஒரு நாள் கூலியும் போதும். வெட்ட உத்தரவு கொடுக்கும் அதிகாரிகள் இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புல்லுருவி பற்றி எழுதும்போது, பக்கத்திலேயே வாண்டாவின் படத்தையும் போடுங்கள். பூ இல்லாத காலத்துப் படமாக இருக்கட்டும். பூத்திருந்தால் யாரும் வெட்ட மாட்டார்கள், வெறும் இலையாக நிற்கும்போதுதான் அரிவாள் விழுகிறது.

இப்படிக்கு,
ஒரு மா விவசாயி,
நத்தம், திண்டுக்கல் மாவட்டம்.