வெற்றிலைக் காம்பைக் கீழே போட வைத்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி

தடுப்பூசி வரிசையில் பெயர்கூடச் சொல்லாமல் போன அக்கா, பிள்ளைகளின் மலச்சிக்கலைப் பற்றி நீங்கள் சொன்னதை எல்லோரும் படிக்கட்டும் என்றே இந்தப் பதிவு.

இரண்டு வயதுப் பிள்ளை மூலையில் காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று முகம் சிவந்தால் முக்குகிறது என்றுதான் நினைப்போம். "முக்கலைம்மா, அடக்குறான்" என்றீர்கள். ஒருமுறை வலித்தால் அடக்கும். அடக்க அடக்கக் குடல் நீரை உறிஞ்சும். மலம் இறுகி இன்னும் வலிக்கும். மலம் வர ஆசனவாயில் வைக்கும் சோப்புத் துண்டும் வெற்றிலைக் காம்பும் அந்தப் பயத்தைத்தான் கூட்டும்.

அக்கா எங்களுக்குச் சொன்ன மற்றவை இவை: பால் நாளுக்கு 400 மில்லி போதும், 500-ஐத் தாண்ட வேண்டாம். பாலே வயிற்றை நிரப்பினால் கீரைக்கு இடம் ஏது? உலர்திராட்சை 8, இரவே ஊறவைத்து, காலையில் நன்றாக மசித்து, ஊறிய தண்ணீரோடு. கொய்யா, பப்பாளி கூட்டினால் தண்ணீரையும் கூட்டணும். இல்லாவிட்டால் நாரே அடைத்துக்கொள்ளும்.

சாப்பிட்டதும் குடல் அசையும். அப்போது மலம் கழிக்க 5 நிமிடம் உட்கார வையுங்கள். கால் தொங்கக் கூடாது. கீழே முக்காலி போட்டு, முட்டி இடுப்புக்கு மேலே. வராவிட்டால் திட்டாமல் எழுப்பிவிடுங்கள்.

டாக்டர் தந்த மலமிளக்கி சிரப்பை, இரண்டு நாள் நன்றாகப் போனதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம், வாந்தி, வயிறு உப்பல் என்றால் அன்றே டாக்டரிடம்.