2024ஆம் ஆண்டுக்கான செயலர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, சபைக் குருவானவர் அவர்களே, அன்பான சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் வாழும் கத்தோலிக்க, தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்கள் இணைந்து நடத்தும் நமது சங்கத்தின் 2024ஆம் ஆண்டுச் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்களின் வருகை கூடியிருந்தது. கல்வி உதவி, மருத்துவ உதவி விவரங்களைப் பொருளாளர் தம் கணக்கில் வாசிப்பார். இந்த ஆண்டு நம் கூட்டங்களை அதிகம் நிறைத்த பொருள், வாட்ஸ்அப், முகநூல், யூடியூப் ஆகியவற்றில் கிறிஸ்தவர்களாகிய நாம் பேசும் பேச்சு. ஆகவே அதையே விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கை நீதிமன்றம் நம் மீனவர்கள் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து, பிப்ரவரி 23, 24 தேதிகளில் நடந்த கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகு விடுவதில்லை என்று இராமேசுவரம் மீனவர்கள் முடிவெடுத்தது நீங்கள் அறிந்ததே. அந்தச் செய்திகளின் கீழே, புனிதரையே புறக்கணித்தவர்கள் என்றும், எல்லை தாண்டினால் பிடிக்கத்தான் செய்வார்கள் என்றும் எழுதியவர்களில், சிலுவைப் படத்தைத் தம் முகப்பில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். தவக்காலம் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகாத நேரம் அது. கணவர் சிறையில் இருந்த ஒரு சகோதரியின் வீட்டுக்கு நம் மகளிர் உறுப்பினர்கள் போயிருந்தபோது, அவருடைய மூத்த பெண் கைபேசியைப் பாயின் அடியில் ஒளித்து வைத்துவிட்டு, "அம்மா படிச்சுட்டு ராத்திரியெல்லாம் சாப்பிடலக்கா" என்று சொன்னாள். எங்கோ ஓர் ஊரில் இருந்துகொண்டு எழுதிய ஒருவரின் சொல், அவர் முகம் அறியாத ஒரு வீட்டின் அடுப்பை அன்று அணைத்துவிட்டது.

இதைக் கேட்ட நம் இளைஞர்கள் கொதித்துப்போய், எழுதியவர்களுக்கு அதே மொழியில் பதில் கொடுக்க முனைந்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். எனினும் மார்ச் மாதக் கூட்டத்தில் நெடுநேரம் பேசியபின், நடந்ததை நடந்தபடி எழுதுவது, எழுதியவரின் விசுவாசத்தை எடைபோடாமல் விடுவது என்ற முடிவுக்கு வந்தோம். படகு ஏன் விடவில்லை, பிடிபட்டவர்களின் குடும்பம் எப்படி நடக்கிறது என்பதைப் பெயர் குறிப்பிடாமல் நான்கு வரியில் எழுதி, அதையே பதிலாக இட்டார்கள். பலர் பதில் தரவில்லை. ஒருவர் மட்டும் தம் கருத்தை நீக்கிவிட்டு, அந்தக் குடும்பத்துக்காகச் செபிப்பதாக எழுதினார். நம் பேச்சு எப்போதும் கிருபை பொருந்தியதாக இருக்கவேண்டும் என்று கொலோசெயர் நிருபம் நான்காம் அதிகாரத்தில் பவுல் சொல்வது, நம்மோடு ஒத்துப்போகிறவர்களிடம் பேசுவதற்காக மட்டும் எழுதப்பட்டதன்று. திருச்சபைக்குப் புறம்பே உள்ளவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் இடத்தில்தான் அது வருகிறது.

வெளியாரிடம் காட்டிய பொறுமை நமக்குள்ளே இல்லாமல் போனதையும் பதிவு செய்யவேண்டும். வேறு சமயத்தவரை மணந்துகொண்ட நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் திருமணப் படத்தை யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட, அதன் கீழே வேத வசனங்களையே கல்லாக எடுத்து எறிந்தார்கள். அட்மின் அவற்றை நீக்கிவிட்டார். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டாக அவை அதற்குள் பெண்ணின் மாமியார் வீடு வரை போய்ச் சேர்ந்திருந்தன. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் முறையில் முதற்படி, தனியாகப் போய்ப் பேசுவது. குழுவில் எழுதிய யாருமே அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. பின்னர் நம் துணைத்தலைவரும் அவருடைய துணைவியாரும் பெண்ணின் தாயைப் போய்ப் பார்த்தார்கள். அந்தத் தாய் இரண்டு வாரம் கழித்து மீண்டும் கோயிலுக்கு வந்தார். இந்த ஆண்டு சங்கம் செய்த வேலைகளில் இதையே நான் முதன்மையாக எண்ணுகிறேன்.

வத்திக்கானின் தகவல் தொடர்புத் துறை 2023 மே 28 தேதியிட்டு வெளியிட்ட மேய்ப்புப்பணி ஆவணம், சமூக ஊடகத்தை நல்ல சமாரியர் உவமையின் வழியாகப் பார்க்கிறது. பங்குத்தந்தை அதை நமக்கு விளக்கியபோது, வழியில் அடிபட்டுக் கிடப்பவரைத் தாண்டிப் போவதும் பாவமே என்று அழுத்திச் சொன்னார். கிருபை என்பது கண்டும் காணாதிருப்பது என்று சிலர் எடுத்துக்கொள்வதால் இதைக் குறிப்பிடுகிறேன். பொய்ச் செய்தி வந்தால் அது பொய் என்று சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ தீங்கு நடந்திருந்தால் அதைக் குழுவில் விவாதிக்காமலும், மூடி மறைக்காமலும், 1098 சிறார் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பதே நம் கடமை.

நம் சமயத்தைக் கேலி செய்யும் காணொளிகளுக்குப் பதில் எழுதுவது பற்றியும் பேச்சு எழுந்தது. இராமேசுவரம் கோயிலுக்கு வருவோரும், ஏர்வாடி தர்காவுக்குச் செல்வோரும், ஓரியூர்த் திருத்தலத்துக்கு நடந்து போகும் நம்மவரும் ஒரே கடைவீதியில் டீ குடிக்கும் மாவட்டம் இது. பிற சமயத்தாரை இழிவுசெய்யும் எந்தப் பதிவையும் உறுப்பினர்கள் பகிரக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

வரும் ஆண்டில், சினத்தோடு எழுதிய பதிலை அனுப்புவதற்கு முன் வேறொரு உறுப்பினரிடம் காட்டும் வழக்கத்தை இளைஞர் பிரிவில் தொடங்கவும், சிறைப்பட்ட மீனவர் வீடுகளைச் சந்திக்கும் பொறுப்பை மகளிர் பிரிவிடம் நிரந்தரமாக ஒப்படைக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. கூட்டங்களுக்கு இடம் தந்த பங்குப் பேரவைக்கும், வாட்ஸ்அப் குழுவைப் பொறுமையோடு கவனித்த அட்மின்களுக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையையும் மேற்கண்ட இரு பரிந்துரைகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலர்