மூலை வளைத்து வெட்டிய மஞ்சள் அட்டைக்கு நன்றி

அன்பானவர்களுக்கு,

வீதிகள் வெள்ளத்தில் அறுந்துகிடந்த நாட்களைப் பற்றி வன்னியில் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். மகரகம, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குத் திரும்பக் கிளினிக் போகத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் நன்றி ஏ9 வீதியோரம் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் அண்ணைக்கு. பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மழைக்கு முன்னம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் நீட்டுவதற்கான அட்டை அடிக்கப் போனபோது அவர் விலை சொல்லவில்லை, எதற்கு என்று கேட்டார். கீமோ மருந்து ஏறிய பிள்ளைக்கு நியூட்ரோபில் என்ற, கிருமியை எதிர்க்கும் வெள்ளணு 500க்குக் கீழே இறங்கினால், கிருமி உள்ளே போனாலும் சீழ் கட்டாது, சிவக்காது. அதற்கு வேண்டிய வெள்ளணு உடம்பில் இல்லை. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். 38.3 பாகை ஒருதரம் காட்டினாலோ, 38 ஒரு மணித்தியாலம் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரி. வாசலுக்கு வந்து 60 நிமிடத்துக்குள் நாளத்தில் அன்ரிபயோற்றிக் ஏறவேண்டும். வீட்டில் பனடோல் கொடுத்துவிட்டுப் போனால் காய்ச்சல் மறைந்துவிடும், பிள்ளை வரிசையில் இருக்கும். இரத்தத்தை உறையவைக்கும் பிளேற்றிலெட் கீமோவால் குறைந்திருப்பதைக் கண்டு டெங்கு என்று எண்ணவும் இடமுண்டு. தசையில் ஊசி வேண்டாம், குதத்தில் வெப்பமானி வேண்டாம். இவ்வளவும் உள்ளங்கை அளவு அட்டையில் வரவேண்டும் என்று சொன்னோம்.

நாங்கள் தமிழில் மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தோம். "இரவு டியூட்டி டொக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாட்டி?" என்று கேட்டார். தன்னுடைய சிங்களச் சிநேகிதர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, வரிவரியாகச் சொல்லிச் சிங்களத்தில் எழுதுவித்தார், ஆங்கிலமும் சேர்ந்தது. பெயர், இரத்த வகை, ஒவ்வாத மருந்து மூன்றையும் எழுதிய பிறகுதான் லமினேற் பண்ணவேண்டும், மேலே போல்பொயின்ற் பிடிக்காது என்றார். கடைசிக் கீமோத் திகதி மாறிக்கொண்டே இருப்பதால் அதற்கு மட்டும் மார்க்கர். ஸ்பிரிற் தொட்ட பஞ்சால் அழித்து எழுதலாம். கடதாசியைச் சுற்றி அரை சென்ரிமீற்றர் பிளாஸ்ரிக் விட்டு வெட்டினார், ஈரம் உள்ளே போகாதபடி.

கையில் தந்த அட்டைகளைத் திருப்பி வாங்கினார். பிளேற்றிலெட் குறைந்த பிள்ளைக்குச் சின்னக் கீறலிலும் இரத்தம் லேசில் நிற்காது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தோம். லமினேற் மூலை கூரானது. ஐந்து ரூபாய்க் குற்றியை மூலையில் வைத்து, பேனையால் வளைவு கீறி, 40 அட்டைகளின் 160 மூலைகளையும் கத்தரிக்கோலால் வெட்டினார். ஒவ்வொன்றையும் பெருவிரலால் தடவிப் பார்த்துத்தான் அடுத்ததை எடுத்தார். கடையில் ஆட்கள் காத்து நின்றார்கள். ஒருவரும் முகம் சுழிக்கவில்லை; அவர்களுக்கும் நன்றி.

மகரகம போகமுடியாமற்போன இரவுகளில் கிட்டடி ஆஸ்பத்திரிகளில் நாங்கள் முதலில் நீட்டியது அந்த அட்டையைத்தான். அதை வாசித்த உடனேயே கிருமியைக் கண்டுபிடிக்க இரத்தக் கல்ச்சர் எடுத்து முதல் ஊசியை ஏற்றிவிட்டு, பிறகு மகரகமவுக்குத் தொலைபேசி எடுத்த டொக்டர்மார், மிஸ்ஸிமார், உழவு மெசினில் மருந்து கொண்டுவந்த தம்பிமார், இரத்தம் தந்தவர்கள், புற்றுநோய்க் குளிசைகளில் மெர்கப்ரோபியூரின் ஒவ்வொரு இரவும், மெதொட்ரெக்சேற் கிழமைக்கு ஒருநாள் மட்டும் என்று பொதியில் பெரிதாக எழுதிவிட்ட மருந்தகத்துத் தங்கச்சிமார் (கிழமை மருந்தை நாளாந்தம் விழுங்கினால் நஞ்சு) எல்லாருக்கும் கைகூப்புகிறோம்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். 2030க்குள் உலகம் முழுவதும் 60 சதவீதமாவது பிழைக்கவேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. அதில் வன்னிப் பிள்ளைகளும் இருக்கவேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் மூன்று நேரங்களை எழுதப்போகிறோம்: காய்ச்சல் கண்டது, ஆஸ்பத்திரி வாசல், முதல் ஊசி. பெற்றோர் சம்மதித்தால் பெயரில்லாமல் ஒரு கொப்பியில் சேர்த்து டொக்டர்மாரிடம் கொடுப்போம். பஸ் காசில்லாமல் கிளினிக் தவறிய நாளும் அதில் வரும். இரண்டு, மூன்று வருடச் சிகிச்சை பாதியில் நிற்பது பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. மட்டக்களப்பு, ஹற்றன், அம்பாந்தோட்டைப் பெற்றோரும் இப்படியே எழுதினால், நேரம் எங்கே வீணாகிறது என்பதை நாடு முழுவதற்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அட்டை மாதிரியைக் கேட்டால் மூன்று மொழியிலும் தருகிறோம். உங்கள் டொக்டர் வேறு வெப்ப எல்லை சொன்னால் அதையே எழுதுங்கள். மூலைகளை வளைத்து வெட்டுங்கள். ஐந்து ரூபாய்க் குற்றி அளவு சரியாக வரும்.

வன்னிப் பெற்றோர்