நாங்கள் மிச்சம் மீதி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் டிஜிட்டல் ஊடகம் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘இன்று அச்சு நாளிதழ் வாங்குவோர் பழக்கத்தால் வாங்குகிறார்களே தவிர, தேவையால் அல்ல.’ இதை உங்கள் அச்சுப் பதிப்பிலேயே, காசு கொடுத்து வாங்கிய தாளிலேயே படிக்க வேண்டியதாயிற்று. வேறு யாராவது வேறு எங்காவது எழுதியிருந்தால் பேசாமல் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். உங்கள் ஆசிரியர் குழு பார்த்து, சரி என்று அனுப்பிய வரி என்பதால்தான் மனம் ஆறவில்லை.

அச்சின் வருமானம் எப்படிச் சரிந்தது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. பெரிய விளம்பரங்களில் கணிசமான பங்கை கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டன. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு நாளிதழ் அச்சிடும் காகிதமான நியூஸ்பிரிண்டின் விலை எல்லோரையும் திணறடித்தது. இவற்றில் எது வாசகர் செய்த குற்றம்? ஆனால் கட்டுரை முழுக்க, வாசகர் கைவிட்டார் என்ற ஒரே பல்லவிதான்.

வியன்னாவின் ‘வீனர் ஸைட்டுங்’கை அதற்கு உதாரணம் காட்டியிருக்கிறார் கட்டுரையாளர். 1703இல் தொடங்கிய அந்த நாளிதழின் அன்றாட அச்சுப் பதிப்பு 2023 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றது உண்மைதான். ஆனால் அது நின்ற காரணத்தை அவர் சொல்லவில்லை. நிறுவனங்கள் சட்டப்படி அதில் கட்டாயமாக வெளியிட வேண்டியிருந்த அறிவிப்புகள்தான் அதற்கு முக்கிய வருமானம். சட்டத்தை மாற்றி அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். வருமானம் போனது, அச்சு நின்றது. முந்நூறு ஆண்டு ஓடிய நாளிதழை நிறுத்திய அந்த முடிவில் வாசகரை யார் கேட்டார்கள்? லண்டனின் ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழ் 2016இல் அச்சை விட்டுவிட்டு இணையத்தில் தொடர்ந்து நடப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2012 இறுதியில் அச்சை நிறுத்திய அமெரிக்க வார இதழ் ‘நியூஸ்வீக்’ 2014இல் மறுபடி அச்சுக்கே வந்ததையும், 2011இல் இணையச் சந்தா தொடங்கி ஒரு கோடிக்கு மேல் சந்தாதாரர்களைச் சேர்த்துவிட்ட ‘நியூயார்க் டைம்ஸ்’ இன்னமும் தினமும் அச்சாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே.

நான் ஒரு நாளிதழில், அச்சுக்கு முன் பிழை திருத்தும் புரூஃப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த நாளிதழ் என்பது இங்கே வேண்டாம். ஒருவர் மூலப்படியை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் புரூஃபில் விரல் வைத்துப் பின்தொடர்வார். பெயர், தேதி, தொகை மூன்றிலும் விரல் ஒரு கணம் நிற்கும். இலக்கத்தில் எழுதியதும் எழுத்தில் எழுதியதும் பொருந்துகின்றனவா, தலைப்பில் உள்ள எண்ணிக்கை செய்திக்குள் அதேபோல் இருக்கிறதா என்று பார்ப்போம். பக்கத்தின் அச்சுத் தகடான பிளேட் மெஷினுக்குப் போய்விட்டால் பிறகு மெஷினை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். நிறுத்தினால் வண்டி தாமதம், வண்டி தாமதமானால் வெளியூர்ப் பிரதி முழுக்கத் தாமதம். அந்தப் பயம்தான் எங்களை ஒழுங்காக வைத்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிற வசதி வந்ததும் முதலில் ஆளைக் குறைத்தது புரூஃப் பிரிவில்தான். அதன் பலனை உங்கள் நாளிதழிலும் பார்க்கிறேன். சென்ற மாதம் ஒரே செய்தியில் ஒரு அதிகாரியின் பெயர் இரண்டு விதமாக வந்திருந்தது. அவருடைய வீட்டில் அந்தத் தாளை எடுத்து வைத்திருப்பார்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை போலும்.

தேவையால் அல்ல என்கிறாரே, தேவை என்னவென்று சொல்கிறேன். எங்கள் குடியிருப்புக்கான குடிநீர்த் திட்டம் எந்த மாதத்துக்குள் முடியும் என்று ஒரு அதிகாரி சொன்னதை உங்கள் நிருபர் மேற்கோளாகவே எழுதியிருந்தார். கெடு தாண்டியது. குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டபோது, ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்றார் அவர். ஒரு இளைஞர் உடனே செல்போனில் உங்கள் இணையதளத்தைத் திறந்து அந்தச் செய்தியைத் தேடி எடுத்தார். செய்தி இருந்தது, தலைப்பும் அதேதான், ஆனால் அந்த வாக்கியத்தைக் காணவில்லை. திருத்தப்பட்டது என்று ஒரு குறிப்பும் இல்லை. ‘பார்த்தீர்களா?’ என்று அதிகாரி எழுந்தே விட்டார். அப்போதுதான் நான் கொண்டுபோயிருந்த தாளை மேசைமேல் பிரித்து வைத்தேன். நாலாம் பத்தி, மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னது அப்படியே இருந்தது. அவர் படித்தார், உட்கார்ந்தார். புதிய தேதியை எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்த வரி ஏன் நீக்கப்பட்டது என்று கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். இதுவரை பதில் இல்லை. தகவல் தவறாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் எங்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். காலையில் உங்கள் தாளை நம்பியவனுக்கு ஒரு செய்தி, மாலையில் உங்கள் இணையதளத்தைத் திறந்தவனுக்கு இன்னொரு செய்தி என்றால், யாரிடம் போய் எது உண்மை என்று கேட்பது?

இதை எழுத உட்கார்ந்ததும் பல நாள் மனத்தாங்கல்கள் கூடவே வருகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் அளவைச் சிறிதாக்கினீர்கள். அச்சுப் பதிப்பை வாங்குவது முதியவர்கள்தான் என்று எழுதும் நீங்களே அந்த முதியவர்களின் கண்ணுக்கு எட்டாத எழுத்தில் அச்சிடுகிறீர்கள். முதல் பக்கத்தை முழுப் பக்க விளம்பரம் மூடிவிடுகிறது. முக்கியமான பேட்டியைப் பாதியில் நிறுத்தி, மீதியைப் படிக்க இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்கிறீர்கள். மீதியையும் சேர்த்துத்தானே அந்தத் தாளை வாங்கினேன். வாசகர் கடிதங்களுக்கு ஒரு பக்கம் இருந்தது, அரைப் பக்கமாயிற்று, இப்போது கால் பக்கமும் வாரத்தில் எல்லா நாளும் வருவதில்லை. இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்துவிட்டு, வாங்குகிறவரைப் பார்த்து, நீ பழக்கத்தால்தான் வருகிறாய் என்று சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

இணையம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வெள்ளம், விபத்து, தேர்தல் முடிவு போன்றவற்றுக்கு மறுநாள் காலைவரை யாரும் காத்திருக்க முடியாது. நானும் செல்போனில்தான் பார்க்கிறேன். ஆனால் எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்று சொல்லி அச்சைக் கைகழுவ நினைப்பவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகள் கழித்துத் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. கனடாவில், செய்திகளுக்காக ஊடகங்களுக்குப் பெரிய இணைய நிறுவனங்கள் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டம் வந்ததும், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2023 ஆகஸ்ட்டில் அந்நாட்டவர்க்குத் தன் தளங்களில் செய்திகளே தெரியாமல் தடுத்துவிட்டது. அடுத்தவர் இடத்தில் கடை போட்டால் அவர் எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடுவார். அச்சகம் உங்களுடையது, வீட்டுக்கு வீடு தாள் போடும் ஏற்பாடும் உங்களுடையது. அதை மதிக்காமல் வேறு எதை நம்பி எங்களிடம் ஊடகத்தின் எதிர்காலம் பேசுகிறீர்கள்?

இவ்வளவும் எழுதிவிட்டு நான் கேட்பது ஒன்றுதான். முன்பு உங்கள் நாளிதழில் ‘திருத்தம்’ என்று ஒரு சிறு பெட்டி வந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் பிழை, சரியான தகவல், வருத்தம் தெரிவிக்கும் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். எப்போது நின்றது என்று தெரியாமலே நின்றுபோனது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இணையதளத்தில் ஒரு செய்தியை மாற்றினால், எந்த வாக்கியம் மாறியது, எந்தத் தேதியில் மாறியது என்று செய்தியின் அடியிலேயே போடுங்கள்; அதே குறிப்பு மறுநாள் தாளிலும் அந்தப் பெட்டிக்குள் வரட்டும். இதற்குக் கூடுதல் பக்கம் வேண்டாம், நியூஸ்பிரிண்ட் வேண்டாம். நாலு விரற்கடை இடம் போதும். எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் அதை இடம் மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்