எங்களை ஒரே குழுவாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மண்ணிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் எதுவாவது நுண்ணுயிர்க்கொல்லி சுரக்கிறதா என்று பார்ப்பதுதான் விடுமுறையில் எங்கள் நால்வருக்கும் கிடைத்த இன்டர்ன்ஷிப் வேலை. எங்கள் ஆய்வை விளக்கி நாங்கள் வைத்த போஸ்டரின் கடைசி வரியில் அடங்கிப்போன நன்றியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல இந்த மடல்.

பேராசிரியர் அம்மாவுக்கு முதல் நன்றி. பள்ளி மாணவர்களை லேபுக்குள் விடவே பலர் தயங்குவார்கள், நியாயமான தயக்கம்தான். நீங்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டதோடு, "ஆளுக்கொரு புராஜெக்ட் கிடையாது, நாலு பேருக்கும் ஒரே கேள்வி" என்று சொல்லிவிட்டீர்கள். அன்று எங்களுக்கு ஏமாற்றம்தான். கல்லூரி விண்ணப்பத்தில் தனி புராஜெக்ட் என்றால் எடுப்பாக இருக்குமே!

பாக்டீரியா வளர்க்கும் பெட்ரி தட்டுகளில் காலனிகளை, அதாவது பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளை, எண்ணத் தொடங்கியதும் காரணம் புரிந்தது. ஒரு தட்டில் 30 முதல் 300 காலனிகள் வரை இருந்தால்தான் அந்த எண்ணிக்கையை நம்பலாம் என்பார்கள். சரி, ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காலனிகளை ஒன்று என்பதா, இரண்டு என்பதா? எங்களுக்கு வழிகாட்டிய ஆய்வு மாணவி அக்கா ஒரு விதி வைத்தார். ஒரே தட்டை இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒருவர் எண்ணியதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. மூன்றாமவர் நோட்டில் எழுத வேண்டும். இரண்டு எண்களும் ரொம்ப விலகினால், எதைக் காலனி என்று கொள்வது என்பதைப் பேசி, எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். நான்காமவர் அதற்குள் அடுத்த நீர்த்தலை, அதாவது இன்னும் நீர் சேர்த்துச் செறிவு குறைத்த மண் கரைசலை, தயார் செய்வார். வாரம் மாறினால் வேலையும் கைமாறும். அக்கா, எங்கள் சண்டைகளைத் தீர்த்துவைக்காமல் வேடிக்கை பார்த்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்றால் 121 டிகிரி, 15 நிமிடம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தோம். பாட்டில் மூடியை இறுக்கக் கூடாது, அழுத்தம் முழுசாக இறங்குமுன் திறந்தால் பாக்டீரியா வளர்க்கும் கூழான அகார் பொங்கி வழியும் என்பதெல்லாம் லேப் உதவியாளர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அப்புறம், கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவித் தந்த அம்மா. சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தால் அதுவே பாக்டீரியாவை வளரவிடாது. நாங்கள் மருந்து கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்திருப்போம். அவர் கழுவியதை நம்பித்தான் எங்கள் முடிவுகள் நிற்கின்றன.

1943இல் மண் பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர். 1952இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. அதற்கு முன்பே வழக்குப் போட்டுத்தான் ஷாட்ஸ் தன்னையும் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஏற்கவைத்தார். முதல் வாரமே இந்தக் கதையைச் சொன்னதும் பேராசிரியர் அம்மாதான். சொல்லிவிட்டு, "யார் எதைச் செய்தீர்கள் என்று அன்றன்றே எழுதிவையுங்கள்" என்றார். ஒரு பேராசிரியரே இதைச் சொல்வது சாதாரண விஷயமா என்ன? எங்கள் போஸ்டரில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் செய்த வேலையும் இருக்கிறது. கழுவித் தந்த அம்மாவின் பெயரும் இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரே ஒரு பாக்டீரியாவைச் சுற்றி, மற்ற பாக்டீரியா சரியாக வளராத மங்கலான ஒரு வளையம். மறுபடி செய்தபோது அது வரவில்லை. "அப்படியானால் ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் உயிரியல் ஆசிரியரோ, "மறுசோதனையில் வரவில்லை" என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். நன்றி ஐயா, அந்த வரியைப் பற்றித்தான் போஸ்டரைப் பார்த்த நடுவர்கள் அதிகம் கேட்டார்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, "பாக்டீரியாவா?" என்ற பயத்தையும் அடக்கிக்கொண்ட பெற்றோர்களுக்கும் நன்றி.

தட்டுகளையெல்லாம் முறைப்படி அழித்தாகிவிட்டது. வளையம் காட்டிய பாக்டீரியா மட்டும், உறைந்தாலும் செல்களைக் காக்கும் கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் இருக்கிறது. அதன் குறியீடு நோட்டின் கடைசிப் பக்கத்தில். அடுத்த குழு விரும்பினால் எடுத்துச் சோதிக்கலாம். முதல் நாள் பிப்பெட் பிடிக்கச் சொல்லித்தர நாங்கள் நால்வரும் வருகிறோம், அக்காவிடம் சொல்லிவிட்டோம்.

இப்படிக்கு,
மண் பாக்டீரியா குழு மாணவர்கள்