தடுப்பூசி பற்றி எழுதுகிறவர்களுக்கு

நண்பர்களே, தடுப்பூசி பற்றிப் பாட்டோ நாடகமோ எழுதும்போது தயங்குகிறவரைக் கோமாளியாக்க வேண்டாம், தயவுசெய்து. பயம் ஒரு படமாகிவிட்டால் லேசில் போகாது: 1802-இல் இங்கிலாந்து ஓவியர் ஜேம்ஸ் கில்ரே வரைந்த கேலிச்சித்திரத்தில், பெரியம்மையைத் தடுக்க மாட்டம்மைத் தடுப்பூசி (மாடுகளுக்கு வரும் அம்மையிலிருந்து எடுத்தது) போட்டுக்கொண்டவர்களின் முகத்திலும் கையிலும் குட்டி மாடுகள் முளைத்து நிற்கும், இருநூறு வருடம் கழித்தும் அதைப் பார்த்தால் திடுக்கிடுகிறது. நல்லதற்கும் கலை உதவியிருக்கிறது. 1956-இல் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி நியூயார்க்கில் கேமராக்கள் முன்னால் சட்டைக்கையைச் சுருட்டி போலியோ ஊசி போட்டுக்கொண்டார், இளைஞர்கள் ஊசிக்கு வரத் தயங்கிய நேரம் அது. ஆனால் பிரபலத்தின் முகம் மட்டும் போதாது. ஊசிக்குப் பிறகு கைவலி, காய்ச்சல் வரலாம் என்பதையும் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். அப்புறம், எழுதியதை ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு இங்கே போடுங்கள்.